பேட்டைக் கடைத்தெருவை நாமே சரிசெய்வது: புதிதாக இறங்குபவர்களுக்கு

சென்னையில் தி.நகரும் புரசைவாக்கமும் ஊருக்கே பொதுவான கடைவீதிகள். இது அவற்றைப் பற்றியது அல்ல. ஒவ்வொரு பேட்டைக்கும் சொந்தமாக ஒரு கடைத்தெரு இருக்கிறதே, அதைப் பற்றியது. பஸ் ஸ்டாப்பையோ கோயிலையோ ஒட்டி ஒரு மளிகைக் கடை, மருந்துக்கடை, டீக்கடை, தையல்காரர், இஸ்திரி வண்டி, நாலைந்து காய்கறித் தள்ளுவண்டி, ஒரு பூக்காரம்மா. நடைபாதை உடைந்து, விளக்கு எரியாமல், மழைக்கு முழங்கால் தண்ணீர் நின்றால் அங்கே வருகிற கூட்டம் குறைகிறது. போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் கறிவேப்பிலை வீட்டுக்கே வருகிற காலத்தில், ஒருமுறை போனவர்களைத் திரும்ப வரவைப்பது லேசில்லை. ஒரு ஷட்டர் மூடினால் பக்கத்துக் கடைக்காரருக்கும் வியாபாரம் இறங்குகிறது.

இதைத் தெருக்காரர்களே கையில் எடுக்க முடியும். மாநகராட்சி இல்லாமல் செய்ய முடியாது. அவர்களாக வரட்டும் என்று காத்திருந்தாலும் நடக்காது. நடுவில் நாம் என்ன செய்யலாம், எதை முதலில் செய்யலாம் என்பதைச் சென்னையை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அலுவலகப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை முடிந்த பிறகும், இன்று அங்கே பிழைப்பவர்கள் அங்கேயே பிழைக்க வேண்டும். அவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது நல்ல நடைபாதை போட்ட வேறு தெரு.

முதல் வேலை: எண்ணுங்கள்

கூட்டம் போடுவதற்கு முன், மனு எழுதுவதற்கு முன், ஒரு வாரநாளும் ஒரு ஞாயிறும் தெருவில் உட்காருங்கள். காலை 7 முதல் 8, பகல் 11 முதல் 12, மாலை 6 முதல் 8. இரண்டு பேர் போதும். ஒருவர் டீக்கடை பெஞ்சில், இன்னொருவர் மறுமுனையில். தாளில் கட்டம் போட்டு நடந்து போகும் பெண்கள், ஆண்கள், பிள்ளைகள், முதியவர்கள், சைக்கிள், டூவீலர், ஆட்டோ, கார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்தைந்தாக எண்ண நாலு கோடு, குறுக்கே ஒன்று. கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி வந்தால் தனியாகக் குறியுங்கள்.

இன்னொரு எண்ணும் வேண்டும்: நடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள்? பின்னால் இன்ஜினியரின் மேசையில் வேலை செய்யப்போவது இந்த எண்தான். ‘மக்கள் சிரமப்படுகிறார்கள்’ என்ற மனுவை அவர்கள் தினம் பத்து பார்க்கிறார்கள். ‘மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் இத்தனை பேர் நடந்தார்கள், அதில் இத்தனை பேர் ரோட்டில்’ என்ற தாள் அபூர்வம்.

அப்புறம் சார்ட் பேப்பரில் தெருவை வரையுங்கள். ஒவ்வொரு கடையும், மூடிய ஷட்டரும், மின்கம்பம், பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி), மரம், மேன்ஹோல், குப்பைத் தொட்டி, நடைபாதை மேல் நீட்டிக் கட்டிய படிக்கட்டு எல்லாம் வர வேண்டும். தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். காலையில் இட்லி வண்டி நிற்கிற இடத்தில் மாலையில் பானிபூரி வண்டி நிற்கும். இடம் ஒன்று, பிழைப்பு இரண்டு.

பூக்காரம்மாவைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். அவருக்கு வேண்டிய இடம் மூன்றடிக்கு இரண்டடி. விடியற்காலையில் கோயில் வாசல் பக்கம் இருப்பார். நாலு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப் பக்கம் நகர்ந்துவிடுவார். வேலை முடிந்து பெண்கள் இறங்குவது அங்கேதான். மதிய வெயிலுக்கு மரநிழல் வேண்டும். பூ வாடாமல் இருக்க ஈரச் சாக்கு வேண்டும். அந்தச் சாக்கை நனைக்க டீக்கடைக் குழாய் வேண்டும், அதற்கு டீக்கடைக்காரரோடு நல்ல உறவு வேண்டும். இதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. ‘ஒழுங்குபடுத்துகிறோம்’ என்று அவரை ஐம்பதடி தள்ளி ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்தால் நிழல், தண்ணீர், வாடிக்கை மூன்றும் ஒரே நாளில் போய்விடும். எண்ணுவதோடு நிற்காமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சாலை யாருடையது?

புதிதாக வருபவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். ஒரே தெருவில் நாலைந்து முதலாளிகள். உட்புறச் சாலைகள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பஸ் போகிற சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை. சில பிரதான சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் மேன்ஹோல் குடிநீர் வாரியத்துடையது. பொங்குவது எது என்று மூடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு புகார் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டுவார்கள். பில்லர் பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபார்மரும் மின்வாரியம். தெருவிளக்கு மாநகராட்சி. நோ பார்க்கிங் பலகையும் சிக்னலும் போக்குவரத்துக் காவல் துறை.

விளக்கு, குப்பை, குழி மாதிரிச் சின்ன விஷயங்களுக்கு 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பெரிய விஷயங்களுக்கு வார்டு உதவிப் பொறியாளரை (எல்லோரும் ஏஇ என்றுதான் சொல்வார்கள்) நேரில் பாருங்கள். எடுத்த எடுப்பில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடாதீர்கள். சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும்; நல்ல ஆயுதம்தான். ஆனால் முகம்கூடப் பார்க்காத அதிகாரிக்கு அதுவே முதல் அறிமுகமாக வந்தால், அப்புறம் ஒரு வருடத்துக்கு எல்லாமே எழுத்தில்தான் நடக்கும். வாய்ப்பேச்சில் கிடைக்காத தகவலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்: போன வருடம் இந்தச் சாலைக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்ததாரர் யார், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (போட்ட வேலை பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) எதுவரை என்பது போல.

கவுன்சிலரைப் பார்க்காமல் எதுவும் நகராது. கிராமசபை மாதிரி நகரத்திலும் கூட்டம் வேண்டும் என்ற பேச்சு வெகுநாளாக இருந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரப் பகுதிகளில் பகுதி சபாக் கூட்டங்கள் (வார்டைப் பகுதிகளாகப் பிரித்து அங்கே வசிப்பவர்கள் கூடிப் பேசுவது) தொடங்கின. இந்தச் சபாக்களுக்கு மேலே இருக்கும் வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர். பல வார்டுகளில் கூட்டம் நடப்பது யாருக்கும் தெரியாது. தேதி கேட்டு, உங்கள் கணக்குத் தாளோடு போய் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏறினால் அடுத்த கவுன்சிலரிடமும் அதைக் காட்டலாம்.

கடைக்காரர்களை முதலில் பாருங்கள்

வழக்கமாக இப்படி நடக்கும்: குடியிருப்போர் நலச்சங்கத்தில் பேசி முடிவெடுப்பார்கள், படம் வரைவார்கள், கடைசியில் கடைக்காரர்களைக் கூப்பிட்டு ‘உங்கள் நல்லதுக்குத்தான்’ என்பார்கள். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? நலச்சங்கங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர், கடை வைத்திருப்பவர், வண்டி தள்ளுபவர் அந்தப் பட்டியலில் இருப்பதே அபூர்வம்.

வரிசையை மாற்றுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு, வியாபாரம் மந்தமான நேரம். ஒரு நாளைக்கு மூன்று கடை என்று வைத்துக்கொண்டு ஏதாவது வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். தெருவில் மூத்த கடை எது என்று விசாரியுங்கள். அந்த அண்ணாச்சியோ பாயோ சரி என்று தலையாட்டினால் பாதிப் பேர் பின்னால் வருவார்கள். கேட்க வேண்டிய கேள்வி ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பது அல்ல. அதற்கு ‘ஒன்றும் வேண்டாம், சும்மா விட்டால் போதும்’ என்றுதான் பதில் வரும். ‘எந்த மாதத்தில் வியாபாரம் குறைகிறது, மழை வந்தால் எந்தப் படி வரை தண்ணீர் ஏறும், சரக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும்?’ என்று கேளுங்கள். கொட்டித் தீர்ப்பார்கள்.

எல்லோரும் சொல்லப்போகும் பயம் ஒன்றுதான்: கடை முன்னால் வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் போகும். இதை வாதத்தால் ஜெயிக்க முடியாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் கடைத்தெருக்களில் 2006-ல் ஓர் ஆய்வு நடந்தது. தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். வாடிக்கையாளர்களைக் கேட்டபோது 22 சதவீதம்தான். ஆனால் பிரிஸ்டல் கதையை நம் ஊர் மளிகைக் கடையில் சொன்னால் எடுபடாது. அதே கேள்வியை அவர் கடை வாசலில், அவர் கண் முன்னால், அவர் வாடிக்கையாளர்களிடமே கேளுங்கள். வந்த கணக்கை அவர் பையனையே எழுதச் சொல்லுங்கள். ஒருவேளை கடைக்காரர் சொன்னதே சரி என்று வந்தால், திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருங்கள். டூவீலர் நிறுத்தம் நிஜமாகவே தேவைப்படும் தெருக்கள் இருக்கின்றன.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சி சாட்சி. காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைக்க, கள்ளிக்குடியில் எண்ணூறுக்கு மேல் கடைகளோடு ஏறத்தாழ 77 கோடி ரூபாயில் மார்க்கெட் கட்டி 2017-ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் வாங்க யார் வருவார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கட்டடத்திடம் பதில் இல்லை. பேட்டைக் கடைத்தெரு அளவில் சின்னது. தவறு இதே தவறாகத்தான் இருக்கும்.

குழுவுக்கு அவசரமாகப் பெயர் வைத்துப் பதிவு செய்ய வேண்டாம். பணம் வாங்குகிற கட்டம் வரும்போது 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதிந்துகொள்ளலாம். அந்த ஏழில் இரண்டு கடைக்காரர், ஒரு தெருவோர வியாபாரி கட்டாயம். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் ‘இனிய காலை வணக்கம்’ பூப்படத்துக்குத் தடை போடுங்கள். அதில்தான் பாதிக் குழுக்கள் செத்துப்போகின்றன.

தள்ளுவண்டிகளை விரட்டாதீர்கள்

‘நடைபாதையைக் காலி செய்யுங்கள்’ என்பது எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் குரல். அதைச் சொல்பவரே மாலையில் அதே நடைபாதையில் கீரை வாங்குவார், அது வேறு விஷயம். சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லோருக்கும் முதலிலேயே படித்துக் காட்டிவிடுங்கள். 2014-ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதற்குப் பிறகும் இடம் மாற்ற முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒருவர் பெண்.

நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் தெருவின் வியாபாரிகளிடம் தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லாதவர்களை அடுத்த கணக்கெடுப்பில் சேர்க்க வையுங்கள். அட்டை இருந்தால் தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த பிரதமர் ஸ்வநிதி கடனுக்கும் வழி திறக்கும். தினவட்டிக்காரரிடம் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய விஷயம். இடத்தைப் பொறுத்தவரை, நடப்பவருக்குத் தடையில்லாத பாதையை முதலில் கோடு போட்டு ஒதுக்குங்கள். மிச்சத்தில் வண்டிகளுக்கு இடம் குறியுங்கள். எங்கே யார் என்பதை வியாபாரிகளே தங்களுக்குள் பேசி முடிக்கட்டும். நாம் சீட்டுக் குலுக்கினால் சண்டை, அவர்கள் பேசினால் பெரும்பாலும் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஒருநாள் வைத்துப் பாருங்கள்

சிமெண்ட் கலக்குவதற்கு முன் சுண்ணாம்புக் கோடு. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது பலருக்கும் தெரியும். அதற்கு முன் வாகனத்தைத் தடுத்து, கூம்பு வைத்து வெள்ளோட்டம் பார்த்தது அவ்வளவாக நினைவில் இல்லை. அது பெரிய அரசுத் திட்டம். ஆனால் இந்த வெள்ளோட்ட முறை உங்கள் தெருவுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு ஞாயிறு காலை ஆறிலிருந்து பத்து வரை போதும். பஸ் போகாத தெருவாக இருந்தால் நல்லது. போக்குவரத்துக் காவல் துறைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுத்து, ஏஇ-க்கும் கவுன்சிலருக்கும் நகல் அனுப்பி, பதிலைக் கையில் வாங்கிவிடுங்கள். ஆம்புலன்ஸ் நுழையும் வழியை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துங்கள். கயிறு, கூம்பு, சுண்ணாம்புத் தூள், வாடகை நாற்காலி இருபது. அகலப்படுத்த நினைக்கும் நடைபாதையைத் தரையில் கோடாகப் போட்டு நாற்காலியைப் போடுங்கள். யார் உட்காருகிறார்கள், வண்டி எங்கே முட்டுகிறது, சரக்கு ஆட்டோ எங்கே மாட்டுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். மறுபடி எண்ணுங்கள்.

மேடை, ஸ்பீக்கர், ஜூம்பா வேண்டாம் என்பது என் கட்சி. அந்த மாதிரி ஞாயிறுகள் ஜாலியாகத்தான் இருக்கும். பதினோரு மணிக்கு ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போனபின் தெரு பழைய தெருவாகவே இருக்கும். மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டி வேறு ரகம்: அந்தத் தெருக்காரர்கள் ஏற்கெனவே வீட்டு வாசலில் செய்வதை வீதிக்குக் கொண்டுவருகிறது, சுற்றியுள்ள கடைகளும் திறந்திருக்கின்றன.

சின்னதாகத் தொடங்கி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லிவர்பூல் நகரின் கிரான்பி தெருவைச் சொல்வார்கள். 1981 கலவரத்துக்குப் பிறகு அந்த வட்டாரம் மெல்லக் காலியானது. வீடுகளைப் பலகை அடித்து மூடினார்கள், இடிப்பதாகத் திட்டம். மிச்சமிருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவைக் கூட்டினார்கள், தொட்டியில் செடி வைத்தார்கள், மூடிய ஜன்னல்களுக்கு வண்ணம் அடித்தார்கள், மாதம் ஒருமுறை தெருச் சந்தை போட்டார்கள். 2011-ல் சமூக நில அறக்கட்டளையாக (நிலத்தையும் வீட்டையும் ஊரார் பொதுவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு) பதிவு செய்து, பாழடைந்த பத்து வீடுகளைக் கையில் வாங்கிச் சீரமைத்தார்கள். அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் என்ற வடிவமைப்புக் குழுவுக்கு 2015-ல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. பரிசு வந்தது பிற்பாடு. துடைப்பமும் செடித்தொட்டியும் பல வருடம் முன்பே தெருவுக்கு வந்துவிட்டன.

நிரந்தர வேலை, பணம்

வெள்ளோட்டம் சரியாக வந்தால் ஏஇ-யிடம் எஸ்டிமேட் கேளுங்கள். இரண்டு அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல்படி கடைத்தெருவில் நடைபாதையின் தடையில்லாத அகலம் 2.5 மீட்டர் (குடியிருப்புத் தெருவில் 1.8), உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. உயரம் முக்கியம். ஒன்றரை அடிக்குக் கட்டிவிட்டு ‘யாரும் ஏறி நடப்பதில்லை’ என்று குறைப்படுவது நம் ஊர் வழக்கம். முழங்கால் வலிக்காரர் எப்படி ஏறுவார்? பில்லர் பாக்ஸ் நடுவில் நின்றால் அகலமெல்லாம் கணக்கில்தான், ஆகவே மின்வாரியத்தோடு சேர்ந்து பார்வையிடும் நாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பணத்துக்கு நாலு கதவு. கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி, எம்எல்ஏவின் தொகுதி மேம்பாட்டு நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, ‘நமக்கு நாமே’ திட்டம். கடைசியில் சொன்னதில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம் நாம் திரட்ட வேண்டும். ஒரே ஆள் முழுவதையும் கொடுக்க முன்வந்தால் வாங்காதீர்கள். அப்புறம் பெஞ்சு எங்கே வர வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். கடைக்கு ஐந்நூறு, வீட்டுக்கு இருநூறு என்று பலர் போட்டது நிற்கும். வரவு செலவை மாதாமாதம் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். நிறுவன நிதி வந்தால், பெயர்ப் பலகை எந்த அளவு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை

இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். தெரு நன்றாக ஆனதும் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றுவார், தையல்காரர் போவார், அந்த இடத்துக்கு ஏசி போட்ட காபிக்கடை வரும். தடுக்க முழு வழி கிடையாது, ஆனால் தள்ளிப்போடலாம். வேலை தொடங்கும் முன்பே சின்னக் கடைக்காரர்கள் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வருட ஏற்றம் இவ்வளவுதான் என்று எழுதி, 2017-ஆம் வருட வாடகைச் சட்டப்படி பதிந்துகொள்ளட்டும். வாய்வார்த்தையாக இருபது வருடம் ஓடிய கடைகள்தான் முதலில் காலியாகும். கட்டட உரிமையாளர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பொதுப்பணத்தில் அவர்கள் சொத்து மதிப்பு ஏறுகிறது என்பதை நயமாகச் சொல்லிவிட்டு இந்தக் கேள்வியை எடுங்கள்.

எப்போது தொடங்குவது

பொங்கல் முடிந்ததும் எண்ணத் தொடங்கினால் நல்லது. மாநகராட்சி பட்ஜெட் பேச்சு அந்த நாட்களில்தான் நடக்கும். உங்கள் தாள் கவுன்சிலர் கையில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் வெள்ளோட்டம், வெயிலுக்கு முன் அதிகாலையில். தோண்டும் வேலை எதுவானாலும் ஆடிக்கு முன் முடிய வேண்டும். ஆடித் தள்ளுபடியிலிருந்து தீபாவளி வரை கடைக்காரர் வாசலில் பள்ளம் வெட்டினால் அவர் உங்களோடு பேசமாட்டார், அதற்கு அடுத்து வடகிழக்குப் பருவமழை, சாலை வெட்ட அனுமதியும் கிடைக்காது. முதல் மழை பெய்த மறுநாள் காலை குடையோடு தெருவில் ஒரு நடை போய், தண்ணீர் நிற்கிற இடங்களைத் தேதியோடு படம் எடுத்து ஏஇ-க்கு அனுப்புங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை ஒப்பந்ததாரர் தன் செலவில் வந்து சரிசெய்ய வேண்டும்.